புயலுக்கு முன்னால் வேலூருக்கு: காரா, ரயிலா, இருந்த இடமா?

வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வந்துவிட்டால், சென்னையில் பிழைக்கிற வட ஆற்காட்டுக்காரர், அதாவது வேலூர்ப் பக்கத்துக்காரர் வீடுகளில் ஒரே பேச்சுதான்: ஊருக்குப் போய்விடலாமா? ஊரில் வயசான அப்பா அம்மா, ஓட்டு வீடு, கட்டுத்தறியில் ரெண்டு மாடு. இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டுவிடுவார்கள், கரண்ட் போகும், தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும். கார் வேறு வாசலில் நிற்கிறது. நூற்று முப்பத்தைந்து, நூற்று நாற்பது கிலோமீட்டர்தானே, மூணு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். சில வருஷம் போனோம், சில வருஷம் போகவில்லை, ஒரு வருஷம் போகக்கூடாத நேரத்தில் போனோம். அந்த அனுபவத்தையும் சேர்த்து, நம் முன்னால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். நான் கண்டது ஒன்றுதான். எல்லோரும் நெடுஞ்சாலையை நினைத்து முடிவெடுக்கிறோம். ஆபத்து இருப்பது மெயின் ரோட்டை விட்டு இறங்கின பிறகு வருகிற கடைசிப் பத்து கிலோமீட்டரில்.

முதலில் ஒரு விஷயம் மனசில் இருக்க வேண்டும். வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. புயல் கரையேறினதும் கடலின் சூடும் ஈரமும் கிடைக்காமல் காற்று தளர்ந்துவிடும். மழை அப்படித் தளராது. கரையைக் கடந்த பிறகு அது பெரும்பாலும் மேற்காகவோ வடமேற்காகவோ நகரும். அதாவது நாம் ஊருக்குப் போகிற அதே திசையில், நம் பின்னாலேயே வரும். சென்னையில் கிளம்பித் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிறவர், மறுநாள் அதே மழையை வாலாஜாவிலோ பள்ளிகொண்டாவிலோ பார்ப்பார். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தது. அதற்கப்புறம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஊத்தங்கரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை கேட்டவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பெயர் வைத்த புயல்தான் ஆபத்து என்பதும் தப்பு. மணிக்கு 63 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால்தான் அதற்குப் புயல் என்று பெயர். 2021 நவம்பர் 19 விடியற்காலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது புயலே இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஆனால் ‘நீரில்லாத ஆறு’ என்று ஊரே சொல்லிப் பழகின பாலாற்றில் அந்த வாரம் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. எங்கள் ஊருக்கு வேண்டிய கேள்வி காற்று எவ்வளவு என்பது இல்லை, தண்ணீர் எவ்வளவு என்பதுதான்.

இனி வழிகள். முழுசாக ஒரு நாள் முன்னால், பகலில், காரில் கிளம்புவது முதல் வழி. வானிலை மையம் கரையோரத்தில் நிலைமை மோசமாவதற்கு 48 மணி நேரம் முன்னால் ஒரு எச்சரிக்கை தரும், 24 மணி நேரம் முன்னால் அடுத்தது தரும். முதல் எச்சரிக்கைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கிளம்பிவிட்டால் சாலை சாதாரண மழைக்காலச் சாலைதான். சிரமம் என்னவென்றால், அந்த நேரத்தில் வானம் வெளுப்பாக இருக்கும், வெயில்கூட அடிக்கும். ஆபீசில் போய் ‘புயல் வருது, லீவு வேணும்’ என்று சொன்னால் ஜன்னலைக் காட்டுவார்கள். ஃபெஞ்சல் வந்தபோது, புயலாக மாறாமலே போய்விடும் என்றுகூட ஒரு கட்டத்தில் சொன்னார்கள். நவம்பர் 29 பிற்பகலில்தான் பெயர் வைத்தார்கள், மறுநாள் இரவு கரையைக் கடந்துவிட்டது. அதனால் ஒரு நாள் முன்னால் கிளம்புகிறவர் வீண் பயணமாகப் போனாலும் போகட்டும் என்ற மனசோடுதான் கிளம்ப வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை. புயல் வராமல் போனால் அம்மா கையால் ரெண்டு நாள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

புயல் நாளன்று சாயங்காலம் வேலை முடித்துக் கிளம்புவது இரண்டாவது வழி. பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். நாங்களும் இதைத்தான் செய்தோம்.

2021 நவம்பர் 18, வியாழக்கிழமை. மறுநாள் கார்த்திகை தீபம். நானும் மனைவியும் ஏழு வயசுப் பையனும் ஆறு மணிக்குக் கிளம்பினோம். பூந்தமல்லி தாண்டவே ஒன்றரை மணி நேரம். ஸ்ரீபெரும்புதூருக்கு அப்புறம் ஆறு வழிச்சாலை வேலை நடக்கிற இடமெல்லாம் திடீர் திடீரென்று சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடும் அம்புக்குறி. பகலில் அது தொந்தரவு, அவ்வளவுதான். ராத்திரி மழையில் அந்த அம்புக்குறியே தெரியாது. பக்கத்தில் லாரி போனால் அது வாரி அடிக்கிற தண்ணீரில் ரெண்டு மூணு விநாடி கண்ணாடி வெள்ளையாகிவிடும். அந்த ரெண்டு விநாடி கார் எங்கே போகிறது என்று ஸ்டியரிங்கில் இருக்கிற கைக்குக்கூடத் தெரியாது. எண்பதில் போகும்போது ஒரு தடவை டயர் ரோட்டை விட்டு மேலே மிதந்ததை உணர்ந்தேன். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஐம்பதைத் தாண்டவில்லை.

காவேரிப்பாக்கம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். தார்ப்பாயை இழுத்துக் கட்டி, உள்ளே ஒரே ஒரு பல்ப். ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டே வந்து நின்ற என் காரைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் ஒருத்தர் சொன்னார்: “தம்பி, ஓடிக்கினு இருக்கறப்போ அத்த போடாதீங்க. நீங்க நிக்கறீங்களா, வர்றீங்களா, எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னு பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஹெட்லைட்ட டிம்முல போட்டுக்கினு போங்க.” இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிற எனக்கு அது புதுசு. அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் கற்றுக்கொண்டதை இன்றுவரை விடவில்லை.

காட்பாடி வந்தபோது மணி பதினொன்றரை. எங்கள் ஊர் கே.வி.குப்பம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகணும். நடுவில் ஒரு கானாறு. வருஷத்தில் பத்து மாசம் அதில் மணல்தான். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதன்மேல் ஒரு தரைப்பாலம், கைப்பிடிச்சுவர் கிடையாது, ஓரத்தில் வெள்ளை அடித்த கல் நட்டிருக்கும், அவ்வளவுதான். பாலத்துக்கு நூறு அடி முன்னால் நைனா, அதாவது என் அப்பா, போன் செய்தார்.

“எங்க கீற?”

“பாலத்தாண்ட வந்துட்டேன் நைனா. தண்ணி கொஞ்சமாத்தான் போவுது. கல்லு தெரியுது.”

“வராத. சத்தம் மாறிப்போச்சு. மேல ஏரி கோடி போவுது. கொழந்தைய வச்சிக்கினு எறங்காத. காட்பாடி சித்தி ஊட்டுக்குத் திரும்பிடு.”

ஏரி நிரம்பி வழிவதைத்தான் எங்கள் பக்கம் கோடி போவது என்போம். ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்திருக்கும். கற்களில் எட்டு தெரிந்தது. கண்ணாடியை இறக்கினேன். மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், கல் உருள்கிற மாதிரி. மனைவி, “மாமா சொன்னா சொன்னதுதான், திருப்புங்க” என்றாள். ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி முடிக்கிற நேரத்தில் மறுபடி பார்த்தேன். கற்களில் ஐந்துதான் தெரிந்தது.

ஓடுகிற தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும், ரெண்டு அடி இருந்தால் பெரிய வண்டியையும் நகர்த்திவிடும் என்று அப்புறம்தான் படித்தேன். கார் கனமானது என்று நினைக்கிறோம். அடியில் காற்றடைத்த டப்பா மாதிரி அது மிதக்கும். இன்னொன்று, தண்ணீருக்குக் கீழே ரோடு இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியவே தெரியாது.

நான் காரில் கிளம்பினதற்குச் சொன்ன காரணமே ‘வாசல் வரைக்கும் போய் இறங்கலாம்’ என்பதுதான். ரயிலில் போனால் காட்பாடியில் இறங்கி வேறு வண்டி பார்க்கணும் என்று சொல்லித்தான் ரயிலை வேண்டாம் என்றேன். கடைசியில் கார் என்னைக் கொண்டுபோய் விட்டதும் காட்பாடியில்தான். ஆறு மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினது மட்டும் மிச்சம்.

அதனால் மூன்றாவது வழியான ரயிலை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். சென்ட்ரலிலிருந்து மேற்கே போகிற வண்டி பெரும்பாலும் காட்பாடியில் நிற்கும். அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா ரோடு வழியாக ரெண்டு, ரெண்டரை மணி நேரம். இருட்டு, லாரி, சர்வீஸ் ரோடு எந்தக் கவலையும் இல்லை. வயசானவர், கைக்குழந்தை கூட இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. முன்பதிவு இல்லாத பெட்டியில் கூட்டம் நெரியும், அது உண்மைதான்.

ஆனால் ரயிலுக்கும் ரெண்டு பலவீனமான இடங்கள் உண்டு. ஒன்று சென்னைக்குள்ளேயே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இருக்கிற பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டதும் சென்ட்ரலிலிருந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று நம் பக்கம், திருவலம் அருகே பொன்னையாற்றுப் பாலம். 2021 டிசம்பர் கடைசியில், மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, அந்தப் பாலத்தில் பாதிப்பு கண்டுபிடித்து வண்டிகளை நிறுத்தினார்கள். ரயில் நின்றால் நின்றதுதான், காரில் போல நாமாக வேறு வழியாகச் சுற்றிப் போக முடியாது. ஆனாலும் ஒரு நிம்மதி: ரயில் ஓடக்கூடாத நேரத்தில் அதை ஓட்டுவதா நிறுத்துவதா என்ற முடிவு, ஊருக்குப் போகத் துடிக்கிற என் கையில் இல்லை.

பஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனியாள், ஒரு பை என்றால் கோயம்பேட்டிலோ பூந்தமல்லியிலோ ஏறிவிடலாம். வண்டி உயரம், டிரைவருக்கு அந்த ரோடு அத்துப்படி. ஆனால் உத்தரவு வந்தால் நிறுத்திவிடுவார்கள். நிவர் வந்தபோது நவம்பர் 24 மதியம் 1 மணியிலிருந்து ஏழு மாவட்டங்களில் பஸ் ஓடவில்லை. வேலூர் அந்த ஏழில் இல்லை, செங்கல்பட்டு இருந்தது. டூ வீலரில் போகலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு: வேண்டாம்பா. வேற யோசனையே வேண்டாம்.

வேறு ரோடு பிடிக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்வார்கள். திருவள்ளூர், திருத்தணி, சோளிங்கர் வழியாக ஒன்று. செங்கல்பட்டு, வந்தவாசி, ஆரணி வழியாக ஒன்று. மற்ற நாளில் ரெண்டும் அழகான ரோடு. புயல் நாளில் ரெண்டையும் நான் தொடமாட்டேன். பெங்களூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஓரத்து மரங்களை வெட்டினபோது வயிறு எரிந்தது. ஆனால் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்த 2016 டிசம்பர் 12-ஐ நினைத்தால், காற்றில் மரம் குறைந்த ரோடே மேல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரணி ரோட்டில் போனால் வழி நெடுக ஏரி, ஏரிக்கு ஒரு கலங்கல் (நிரம்பின தண்ணீர் வழிகிற இடம்), கலங்கலுக்கு ஒரு தரைப்பாலம். கூகுள் மேப் நீல கோடு காட்டும். ஏரி கோடி போவது அதற்குத் தெரியாது.

நாலாவது வழி, புயல் கடந்த மறுநாள் விடிந்ததும் கிளம்புவது. இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், புத்திசாலித்தனமாகத் தெரியும். சென்னையிலிருந்து விழுப்புரம் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். பாலாற்றுக்காரருக்கு இது ஏமாற்று வழி. பாலாறு 348 கிலோமீட்டர் நீளம்; கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி மேற்கே புல்லூர் அருகே நமக்குள் நுழைகிறது. அங்கே பெய்த மழை இங்கே வந்து சேர ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளம் அந்த ஊரில் பெய்த மழையால் மட்டும் வந்தது இல்லை, மைசூர்ப் பக்கம் ஏரிகள் அடுத்தடுத்து உடைந்து வந்தது. பொன்னையாறும் அப்படித்தான், சித்தூர்ப் பக்கம் கலவகுண்டா அணையைத் திறந்தால் இங்கே நிறையும். குடியாத்தத்தில் கௌண்டன்யா ஆற்றுக்கு மோர்தானா அணை. ஆக, மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில்தான் நம் பக்கம் ஆறு ஏறும். விரிஞ்சிபுரத்திலிருந்து வடுகந்தாங்கலுக்கு இருந்த தரைப்பாலத்தை 2021 வெள்ளம் அரித்துப்போட்டது. வேலூர் போய்ச் சுற்றாமல் குறுக்கே போகிறவர்கள் எல்லோரும் அதுவரை அதில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். புயலுக்குப் பிறகு போவதென்றால் குறைந்தது ரெண்டு நாள் விட்டு, ஊரில் இருக்கிறவரைக் கேட்டுவிட்டுப் போகணும்.

கடைசி வழி, போகாமல் இருந்துகொள்வது. இதைச் சொல்லத்தான் கஷ்டம். அம்மா போனில், “நாங்க இருந்துக்கறோம், நீங்க வராதீங்க” என்று சொல்கிற குரலில், வந்தால் நல்லா இருக்கும் என்பதும் சேர்ந்தே கேட்கும். மகனாக இருக்கிற யாரும் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார முடியாது. ஆனால் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நனைந்து போய்ச் சேர்ந்து நான் என்ன செய்திருப்பேன்? அந்த ஓட்டு வீட்டுக்குள் ரெண்டு பேருக்குப் பதில் ஐந்து பேர் இருந்திருப்போம். அதே விடியற்காலை பேரணாம்பட்டில் மழையில் ஊறின சுவர் இடிந்து ஒரே வீட்டில் 9 பேர் இறந்தார்கள். அதில் நாலு பேர் குழந்தைகள். எங்கள் மாவட்டம்தான். அந்தச் செய்தியைச் சித்தி வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டு, பையனை மடியில் வைத்தபடி, நான் எழுந்திருக்கவே இல்லை.

நேரில் போய்ச் செய்ய முடியாததைப் போனில் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, அப்பா அம்மாவை அவங்க மெத்தை வீட்டுக்கு (தளம் போட்ட வீடு) கூட்டிப்போகச் சொன்னேன். நைனா மாட்டை விட்டு வரமாட்டேன் என்றார். மாட்டையும் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டச் சொன்னேன். பத்து நிமிஷ வேலை. ஆறு மணி நேரம் காரில் வந்தவன் அதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

சென்னையில் நீங்கள் இருப்பது முதல் மாடிக்கு மேலே, தண்ணீரும் மருந்தும் மூணு நாளைக்கு இருக்கிறது என்றால், கடைசி நேரத்தில் போவதைவிட இருப்பதே சரி. வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி இடத்தில் தரைத்தளம் என்றால் நகரத்தான் வேண்டும். ஆனால் நகர்வது வேலூருக்காக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீடு போதும்.

எனக்கு எது சரி என்று கேட்டால்: ஒரு நாள் முன்னால் பகல் ரயில் முதலிடம், ஒரு நாள் முன்னால் பகல் கார் இரண்டாமிடம். அந்த நேரம் தவறிவிட்டால் நான் கிளம்ப மாட்டேன். புயல் நாள் சாயங்காலம் என்ற வழியை எங்கள் வீட்டில் அழித்தேவிட்டோம். காரில் போவதென்றால் கிளம்புமுன் டயரில் ஒரு ரூபாய்க் காசைச் சொருகிப் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பேன், வைப்பர் ரப்பரை மாற்றுவேன், டேங்க்கை நிரப்புவேன். இருட்டுவதற்குள் காட்பாடி சேர முடியாது என்று தெரிந்தால் வழியில் எங்கேயாவது தங்கிவிடுவேன். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் இன்ஜினே உடைந்துவிடும். வண்டியை விட்டு இறங்கி மேட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

அப்புறம் ஊருக்கு ஒரு போன். மழை பெய்கிறதா என்று கேட்டால் போதாது. ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, கோடி போகிறதா, கானாற்றில் தண்ணீர் கலங்கலா தெளிவா, பால் வண்டி இன்றைக்கு வந்ததா. பால் வண்டிக்காரர் விடிவதற்கு முன்னால் எல்லாத் தரைப்பாலத்தையும் தாண்டி வருகிறவர். அவர் வரவில்லை என்றால் ரோடு இல்லை.

அந்த வருஷம் நாங்கள் சித்தி வீட்டிலிருந்து ஊருக்குப் போனது 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பாலத்தின் ஒரு ஓரம் ஆள் உயரத்துக்கு அரித்துப் போயிருந்தது. காரை இந்தப் பக்கமே விட்டுவிட்டு, நைனா அந்தக் கரையில் நின்று கைகாட்டின வழியில் முட்டி ஆழத் தண்ணீரில் நடந்தோம். அம்மா தீபத்துக்குப் பிசைந்த மாவை எடுத்து வைத்திருந்தாள். மூணாம் நாள் தீபத்தன்றைக்கு வாசலில் அகல் ஏற்றினோம். வெள்ளை அடித்த அந்தக் கற்களில் அப்போது மூணுதான் மிச்சம் இருந்தது.